தூக்கிலிட முடியாத சிரிப்பு

ஓடிக்கொலோன் என்ற வாசனைத் திரவியத்துக்குப் பெயர் தந்த கொலோன் நகரத்தில் நடந்ததாக ஜேர்மன் மக்கள் ஒரு கதை சொல்வார்கள். ஊர் ஊராகத் திரிபவன் ஒருவன் அந்நகரின் சத்திரமொன்றில் தங்குகிறான். சாப்பாடு தயாராவதற்கு நேரமாகிறது. அவனுக்குப் பசி பொறுக்கவில்லை. அடுப்பருகே உட்கார்ந்து, இறைச்சி வாட்டப்படும் மணத்தை முகர்ந்தபடி, தன்னிடமிருந்த வெறும் ரொட்டியைத் தின்று முடிக்கிறான். பிறகு சத்திரக்காரன் வந்து காசு கேட்கிறான். "நான்தான் உன் சாப்பாட்டைத் தொடவில்லையே" என்கிறான் அவன். "என் இறைச்சியின் வாசனையை அனுபவித்தாயே" என்கிறான் சத்திரக்காரன். ஊர்சுற்றி மறுபேச்சுப் பேசவில்லை. ஒரு நாணயத்தை எடுத்துப் பலகையில் போட்டான். 'கிணீர்' என்று ஓசை கேட்டது. நாணயத்தை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டான். வாசனைக்கு ஓசை சரியாகிவிட்டது என்று சொல்லி நடையைக் கட்டினான்.

வேறு வேறு பெயர்களில் இந்தக் கதையை நாமும் கேட்டிருக்கிறோம். ஜேர்மன் கதையில் வரும் ஊர்சுற்றியின் பெயர் டில் ஒய்லன்ஷ்பீகல். வாசனைக்கு அவன் ஓசையால் விலை கொடுத்த அதே கொலோன் நகரத்தில், 1895 நவம்பர் 5ஆம் திகதி, அவனுடைய கதையையே ஓசையாகக் கேட்கும் வாய்ப்பு மக்களுக்குக் கிடைத்தது. ரிச்சர்ட் ஸ்ட்ராவுஸ் என்ற இளம் இசையமைப்பாளர் எழுதிய 'டில் ஒய்லன்ஷ்பீகலின் வேடிக்கைக் குறும்புகள்' என்ற வாத்தியக்குழு இசை அன்றுதான் அரங்கேறியது. நெறியாளராக இருந்தவர் ஃப்ரான்ஸ் வுல்னர். இந்தப் படைப்பில் பாட்டு இல்லை, வசனம் இல்லை, நடிப்பும் இல்லை. ஒருவனின் குறும்பு, காதல், கோபம், விசாரணை, மரணம் எல்லாம் ஏறத்தாழ 15 நிமிடங்களில் வாத்தியங்களால் மாத்திரமே சொல்லப்படுகின்றன.

வானொலியில் இதைப் பற்றிப் பேசியபோது, இடையிடையே பேச்சை நிறுத்தி இசைத்தட்டை ஒலிக்கவிட என்னால் முடிந்தது. பத்திரிகையில் அச்சாகும்போது அந்த வசதி இல்லை. வாசகருக்கு ஓசைக்குப் பதிலாகச் சொல்தான் கிடைக்கிறது. ஆயினும் நாட்டார் பாத்திரமொன்று ஏட்டிலிருந்து இசைக்குப் போகும்போது என்ன மாற்றம் அடைகிறது என்பதே நான் எடுத்துக்கொண்ட விடயம். அது இலக்கிய ரசிகர்களுக்கும் உரியது. குறிப்பாக ஒரு கேள்வி நெடுநாளாக என் மனதில் இருந்து வருகிறது. மக்கள் படுக்கையில் சாகவிட்ட ஒருவனை, ஸ்ட்ராவுஸ் ஏன் தூக்கில் போட்டார்?

முதலில் டில் யார் என்று பார்ப்போம். வட ஜேர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகருக்கு அண்மையிலுள்ள க்னைட்லிங்கன் என்ற கிராமத்தில் 1300ஆம் ஆண்டளவில் பிறந்து, 1350இல் மெல்ன் என்ற சிறு நகரத்தில் இறந்தான் என்பது மரபு. அவனைப் பற்றி வழங்கிய கதைகள் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் குரூனிங்கர் என்பவருடைய அச்சகத்தில் 1510-11ஆம் ஆண்டளவில் நூலாக வெளிவந்தன. நூலில் ஆசிரியர் பெயர் இல்லை. பிரவுன்ஷ்வைக் நகரத்தில் சுங்க எழுத்தராக இருந்த ஹேர்மான் போட்டே என்பவரே ஆசிரியர் என்ற கருத்து 1970களில் வலுப்பெற்றது. நூலில் இருப்பவை 95 கதைகள். அவை விரைவிலேயே மொழிவிட்டு மொழி பாய்ந்தன. பிரெஞ்சு மொழியில் குறும்புக்காரனைக் குறிக்கும் 'எஸ்பியேக்ல்' என்ற சொல் இவனுடைய பெயரிலிருந்தே உருவானது. ஒரு மனிதனின் பெயர் அயல்மொழி அகராதியில் பொதுச்சொல்லாகி நிற்பது சிறிய காரியமன்று.

ஒய்லன்ஷ்பீகல் என்ற பெயரில் ஆந்தை, கண்ணாடி என்ற இரு சொற்கள் இருக்கின்றன. பழைய மரச்செதுக்குப் படங்களிலும், மெல்ன் தேவாலயத்திலுள்ள நினைவுக்கல்லிலும் அவன் ஒரு கையில் ஆந்தையும் மறு கையில் முகம் பார்க்கும் கண்ணாடியுமாக நிற்கிறான். ஊராருக்கு அவன் கண்ணாடி காட்டினான் என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். அதே பெயரை வட ஜேர்மன் பேச்சுவழக்கில் வேறு விதமாகப் பிரித்தால், சபையில் சொல்லக்கூடாத ஒரு பொருளும் வரும். பெயரிலேயே குறும்பு இருக்கிறது.

பிறந்த அன்றே அவனுக்கு மூன்று முறை ஞானஸ்நானம் நடந்தது என்கிறது கதை. தேவாலயத்தில் ஒரு தடவை. திரும்பும் வழியில் மது அருந்தியிருந்த ஞானத்தாய் கால் தடுக்கிக் குழந்தையோடு சேற்றில் விழுந்ததால் சேற்று நீரில் ஒரு தடவை. வீட்டில் சேற்றைக் கழுவ வெந்நீர்ப் பாத்திரத்தில் இன்னொரு தடவை. வளர்ந்த பின் அவன் செய்த குறும்புகளில் பெரும்பாலானவை ஒரே தந்திரத்தால் ஆனவை. சொன்ன சொல்லை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றுவான். ரொட்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது, "என்ன சுடவேண்டும்?" என்று கேட்கிறான். முதலாளி எரிச்சலோடு, "ஆந்தையும் குரங்கும் சுடு" என்கிறான். டில் விடியும்வரை இருந்து ஆந்தையும் குரங்குமாகச் சுட்டு அடுக்கிவிடுகிறான். முதலாளி திட்டி விரட்ட, மாவுக்கான காசைக் கொடுத்துவிட்டு அவற்றைத் தெருவில் கொண்டுபோய் இலாபத்துக்கு விற்கிறான். ஏர்ஃபுர்ட் பல்கலைக்கழகத்தாரிடம் ஒரு கழுதைக்கு வாசிக்கக் கற்பிப்பதாக ஒப்புக்கொள்கிறான். புத்தகத்தின் தாள்களுக்கிடையே தீனி வைத்துப் பழக்குகிறான். தீனி இல்லாத நாளில் கழுதை தாளைப் புரட்டிப் புரட்டி, 'ஈ, ஆ' என்று கத்துகிறது. இரண்டு எழுத்துப் படித்துவிட்டது என்கிறான்.

டில்லை ஏழைகளின் நாயகனாகக் காட்டுவது பிற்காலத்தார் செய்த வேலை. பழைய நூலில் அவன் பிரபுக்களையும் பாதிரிமாரையும் கைவினைஞரையும் ஏமாற்றுவது போலவே குருட்டுப் பிச்சைக்காரரையும் ஏமாற்றுகிறான். கதைகளில் ஒரு பகுதி மலசலம் சம்பந்தமானவை. அவனிடம் கொள்கை எதுவும் இல்லை. யாருக்கும் அடங்காமல் இருப்பது ஒன்றுதான் அவனுக்குத் தெரியும். அடுத்த கதையில் வேறோர் ஊர், வேறொரு தொழில், வேறொரு வேடம். இந்த ஒன்றை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் ஸ்ட்ராவுஸின் இசைக்கு இதுவே அத்திவாரம்.

ஸ்ட்ராவுஸ் 1864இல் மியூனிச் நகரத்தில் பிறந்தவர். தந்தை ஃப்ரான்ஸ் ஸ்ட்ராவுஸ் அந்நகர அரசவை வாத்தியக்குழுவில் முதன்மை ஹோர்ன் வாசிப்பாளர். வளைந்து சுருண்ட பித்தளைக் குழலும் அகன்ற வாயும் கொண்ட ஊதுவாத்தியம் ஹோர்ன். தொட்டில் பருவம் முதல் மகன் கேட்டு வளர்ந்த ஓசை அதுவே. இருபத்தைந்து வயதிலேயே 'டொன் யுவான்' என்ற வாத்தியக்குழு இசையால் அவர் பெயர் பெற்றுவிட்டார். பிறகு தாமே கதையும் எழுதி 'குன்ட்ராம்' என்ற இசைநாடகத்தை அமைத்தார். 1894 மே மாதம் வைமார் நகரத்தில் அரங்கேறிய அது பெரிய வரவேற்பைப் பெறவில்லை. அந்தக் கசப்பினால்தான், விமர்சகர்மீது பழிதீர்க்க டில்லை எழுதினார் என்று சொல்வோர் உளர். திகதிகளைப் பார்த்தால் இதை முழுவதாக ஏற்க முடியாது. டில்லின் இசையை அவர் 1895 மே 6ஆம் திகதியே எழுதி முடித்துவிட்டார். 'குன்ட்ராம்' அவருடைய சொந்த ஊரான மியூனிச்சில் ஒரேயொரு முறை மேடையேறிப் படுதோல்வி அடைந்தது அதற்குப் பிறகு, நவம்பர் 16ஆம் திகதி. அதாவது டில் கொலோனில் அரங்கேறிப் பதினொரு நாட்களின் பின்னர். பிற்காலத்தில் தம் வீட்டுத் தோட்டத்தில் 'குன்ட்ராம்' நாடகத்துக்கு ஒரு கல்லறைக் கல்லை நாட்டி, அதன் மரணத்தை அவர் தாமே பகிடி செய்தார்.

டில்லையும் முதலில் அவர் இசைநாடகமாகவே எழுத நினைத்தார். ஷில்டா என்ற கற்பனை ஊரின் மூடர்களிடையே டில் வந்து சேர்வதாக ஒரு கதைத் திட்டம் வைத்திருந்தார். ஜன்னல் வைக்க மறந்து நகரமண்டபம் கட்டிவிட்டு, உள்ளே வெளிச்சம் கொண்டுபோகச் சாக்கில் வெயிலை அள்ளியவர்கள் அந்த ஊரார். வீரமாமுனிவரின் பரமார்த்த குருவையும் சீடரையும் அறிந்த நமக்கு இவர்களைத் தனியாக அறிமுகம் செய்யவேண்டியதில்லை. ஐரோப்பிய மூடர் கதைகளோடு உறவுடையவை அவை. ஆனால் அந்த நாடகம் உருப்பெறவில்லை. ஸ்ட்ராவுஸ் சொற்களைக் கைவிட்டார். சொல்லை வைத்தே பிழைத்த ஒருவனைச் சொல்லே இல்லாத வடிவத்துக்குக் கொண்டுபோனார். இது ஆபத்தான காரியம். டில்லின் பகிடியெல்லாம் வாக்கில் இருப்பது. வாக்கை எடுத்துவிட்டால் எஞ்சுவது என்ன?

கொலோன் அரங்கேற்றத்துக்கு முன் நெறியாளர் வுல்னரும் இதே சங்கடத்தை உணர்ந்திருக்க வேண்டும். இரசிகர்களுக்குக் கொடுக்கக் கதைக் குறிப்பொன்று தரும்படி கேட்டார். ஸ்ட்ராவுஸ் மறுத்துவிட்டார். குறும்பன் கொடுக்கும் கொட்டையை இரசிகர்களே உடைத்துப் பார்க்கட்டும் என்பது அவருடைய நிலை. பின்னர் வில்ஹெல்ம் மௌக்கே என்பவர் விளக்கக் கைந்நூல் எழுதியபோது, எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று இசையேட்டில் சிறு சிறு குறிப்புகள் எழுதிக் கொடுத்தார். இன்று நமக்குத் தெரிந்த கதை அந்தக் குறிப்புகளிலிருந்து வந்ததே. குறிப்பு இல்லாமலே கேட்டாலும் ஒரு விடயம் புரிந்துவிடும். யாரோ ஒருவன் உள்ளே வருகிறான், போகிறான், வேடம் மாற்றுகிறான், அகப்படுகிறான். இது எப்படிப் புரிகிறது?

தொடக்கத்தைக் கவனிப்போம். வயலின்கள் மெதுவாக, அன்பாக ஒரு சிறு மெட்டை வாசிக்கின்றன. 'முன்னொரு காலத்திலே...' என்று பாட்டி கதை தொடங்குவது போன்ற தொனி. ஐந்தே அளவை நேரந்தான். உடனே ஹோர்ன் தனியாக எழுகிறது. தந்தையின் வாத்தியம்! துள்ளித் துள்ளி மேலே ஏறி, உச்சியில் நின்று வேடிக்கை காட்டி, அங்கிருந்து படிப்படியாக அடித்தளம்வரை இறங்குகிறது. இந்த மெட்டின் குறும்பு தாளத்தில் இருக்கிறது. முதல் முறை ஓரிடத்தில் எடுத்த மெட்டு, மறுமுறை அதே சுரங்களோடு தாளத்தின் வேறோர் இடத்தில் விழுகிறது. கச்சேரி கேட்டுப் பழகியவர்கள் 'எடுப்பு' இடம் மாறிவிட்டது என்பார்கள். காலால் தாளம் போடுகிறவர் தடுமாறுவார். நான் முதன்முறை கேட்டபோது, தாளம் தவறியது என்னிடமா வாசிப்பவரிடமா என்று திகைத்தேன். கேட்பவனை ஏமாற்றியாயிற்று. டில் இன்னும் ஒரு குறும்பும் செய்யவில்லை. ஆனால் அவன் எப்படிப்பட்டவன் என்பது நமக்குத் தெரிந்துவிட்டது.

இதைத்தான் ஸ்ட்ராவுஸின் கண்டுபிடிப்பு என்பேன். பகிடியின் வார்த்தையை இசை சொல்லாது. பகிடிக்காரன் நடக்கும் விதத்தை அது காட்டும். தாளம் என்பது ஒழுங்கு. அந்த ஒழுங்கை மீறாமல், ஆனால் அதற்கு அடங்காமல், அதன் இடுக்குகளில் நுழைந்து திரிகிறது அந்த மெட்டு. கட்டளையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றி முதலாளியை முட்டாளாக்கும் ரொட்டிக்கடைப் பையனின் வேலையும் இதுதானே!

அடுத்து வருவது சிறிய கிளரினெற். வழக்கமான கிளரினெற்றைவிடச் சிறியது, உயர்ந்த சுருதியில் கீச்சிடும் குரலுடையது. அது நறுக்கென்று ஒரு சிரிப்புச் சிரிக்கிறது. கூர்ந்து கேட்டால், தொடக்கத்தில் வயலின்கள் அன்பாக வாசித்த 'முன்னொரு காலத்திலே' மெட்டின் அதே சுரங்கள்தாம் வேகமாக ஓடி இந்தச் சிரிப்பாக மாறியிருக்கின்றன. கதை சொல்லும் பாட்டியின் குரலுக்குள்ளேயே குறும்பன் ஒளிந்திருந்தான் போலும்.

தம் படைப்பின் முழுத் தலைப்பில், பழைய குறும்புக் கதைப் பாங்கில், 'ரொண்டோ' வடிவத்தில் பெரும் வாத்தியக்குழுவுக்காக அமைத்தது என்று ஸ்ட்ராவுஸ் குறிப்பிட்டார். ரொண்டோ என்பது ஒரு பகுதி திரும்பத் திரும்ப வரும் வடிவம். நமது கீர்த்தனையில் அனுபல்லவி, சரணம் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்புவதை இதற்கு ஒப்பிடலாம். ஆனால் இங்கே திரும்பி வரும் பல்லவி அதே முகத்தோடு வருவதில்லை. ஒவ்வொரு முறையும் உடை மாற்றிக்கொண்டு வருகிறது. வேறு வாத்தியம், வேறு வேகம், வேறு மனநிலை. சுரங்கள் மாத்திரம் அவனைக் காட்டிக்கொடுக்கின்றன. 95 கதைகளில் ஊருக்கொரு வேடமாகத் திரிந்த டில், இசையில் அப்படியே தொடர்கிறான்.

காட்சிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் சந்தை. டில் குதிரையேறிச் சந்தைக்குள் பாய்கிறான். பித்தளைத் தாளத் தட்டுகள் மோதுகின்றன. மரச் சுழற்கருவியொன்று கறகறவென்று ஒலிக்கிறது. சட்டிபானைகள் உடைகின்றன, பெண்கள் அலறுகின்றனர், அவன் ஓடி மறைகிறான். அடுத்துப் பாதிரி வேடம். வியோலாவும் பஸூனும் எண்ணெய் வழியும் பக்தியோடு ஒரு நாட்டுப்புற மெட்டை வாசிக்கின்றன. அந்த அங்கியின் கீழிருந்து கிளரினெற்றின் சிரிப்பு எட்டிப் பார்க்கிறது. அப்போது திடீரென ஒரு குளிர். அடைப்பு வைத்த பித்தளை வாத்தியங்கள் முணுமுணுக்க, தனி வயலின் ஒன்று உச்சியிலிருந்து சறுக்கி விழுகிறது. மதத்தைப் பரிகசித்தவனுக்குத் தன் முடிவைப் பற்றிய முதற் பயம் வந்துவிட்டது என்பது ஸ்ட்ராவுஸின் குறிப்பு.

பிறகு காதல். ஹோர்னின் துள்ளல் மெட்டு இப்போது உருகி வழிகிறது. அந்தப் பெண் மறுத்துவிடுகிறாள். மறுப்பு எவ்வளவு நாகரிகமாக இருந்தாலும் மறுப்புத்தானே. டில் மனித குலம் முழுவதன்மீதும் வஞ்சினம் கூறுகிறான். அந்தக் கோபத்தோடு போய்ச் சேருமிடம் பேராசிரியர்கள் கூட்டம். பஸூன்களும் தாழ்குரல் கிளரினெற்றும் தடித்த குரலில் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே விடயத்தைத் திரும்பச் சொல்கின்றன. டில் அவர்களைக் குழப்பிவிட்டு, தூரத்தில் நின்று முகத்தைக் கோணிக் காட்டி, தெருப்பாட்டொன்றைச் சீட்டியடித்தபடி போகிறான். பிறகு அவனுடைய மெட்டுகள் எல்லாம் பெருகி, வாத்தியக்குழு முழுவதும் வெற்றி முழக்கமாகிறது. இனி இவனை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று தோன்றும் அந்தக் கணத்தில், சிறு முரசு உருள்கிறது.

நீதிமன்றம். தாழ்ந்த குரலுள்ள வாத்தியங்களெல்லாம் சேர்ந்து பாரமான இருண்ட சுரக்கட்டுகளை அடுக்குகின்றன. அது குற்றச்சாட்டு. பதிலுக்குக் கிளரினெற் அலட்சியமாகச் சீட்டியடிக்கிறது. மீண்டும் குற்றச்சாட்டு. மீண்டும் சீட்டி. நீதிமன்றத்தின் குரல் மாறுவதேயில்லை. அதே கனம், அதே வேகம். மாறுவது அவன் குரல்தான். கடைசியில் கிளரினெற் கிறீச்சிடும்போது அங்கே பகிடி இல்லை. முன்பு பாதிரி வேடத்தில் உணர்ந்த குளிர் திரும்ப வருகிறது. இந்தப் பகுதியைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் என் மனம் கனத்துவிடும். இதுவரை யாருடனும் ஒத்துப்போகாமல் விளையாடிய தாளம் இங்கே முதன்முதலாக நேராக நடக்கிறது. அதிகாரத்துக்குப் பகிடி விளங்காது என்பதைவிட, பகிடியைக் கேட்டதாகவே அது காட்டிக்கொள்ளாது என்பதுதான் பயங்கரம்.

தீர்ப்பு மரணம். கனத்த வாத்தியங்கள் ஒரு சுரத்திலிருந்து கீழே பாய்கின்றன. ஒரு ஸ்தாயி முழுவதும் இறங்கினால் காது அமைதியடையும். ஆனால் அந்த வீழ்ச்சி ஓர் அரைச்சுருதி குறைவாக, அந்தரத்தில் நின்றுவிடுகிறது. கால்கள் நிலத்தைத் தொடவில்லை. கிளரினெற் உச்சத்தில் ஒருமுறை வீரிடுகிறது. புல்லாங்குழலின் நடுக்கம் தேய்ந்து தேய்ந்து அடங்குகிறது. மூச்சு நின்றுவிட்டது.

இனி என் கேள்விக்கு வருகிறேன். பழைய நூலில் டில் தூக்கிலிடப்படவில்லை. மெல்ன் நகரத்தில் நோயில் விழுந்து இறக்கிறான். பூட்டிய பெட்டியொன்றை நண்பர்களுக்கும் நகர சபையாருக்கும் பாதிரியாருக்கும் பொதுவாக எழுதி வைத்துவிட்டுப் போகிறான். திறந்து பார்த்தால் உள்ளே கற்கள். ஒருவரையொருவர் சந்தேகித்து அவர்கள் சண்டை பிடிக்கிறார்கள். அடக்கம் செய்யும்போது கயிறு அறுந்து பிரேதப்பெட்டி குழிக்குள் செங்குத்தாக நின்றுவிடுகிறது. இருக்கும்போதும் விசித்திரமாக இருந்தவன், இறந்தும் அப்படியே நிற்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். தூக்கு மரத்தை அவன் கண்டதில்லை என்பதல்ல. லூபெக் நகரத்தில் ஒரு மதுக்கடைக்காரனை ஏமாற்றியதற்காகத் தூக்குத் தண்டனை விதிக்கப்படுகிறது. உயிரோ பணமோ கேட்கக்கூடாது, வேறு எந்தக் கடைசி ஆசையையும் நிறைவேற்றுவோம் என்று சபையார் வாக்களிக்கிறார்கள். தான் தொங்கும் மூன்று நாட்களும் அந்த மதுக்கடைக்காரன் காலையில் வெறும் வயிற்றோடு வந்து தன் பின்புறத்துக்கு முத்தமிட வேண்டும் என்கிறான் டில். வாக்கைக் காக்கவும் முடியாது, மீறவும் முடியாது. விட்டுவிடுகிறார்கள். மரண தண்டனையிலிருந்து வாக்குச் சாதுரியத்தால் தப்பும் தெனாலிராமன் கதைகளில் வளர்ந்த நமக்கு இந்த முடிவு வியப்பூட்டாது.

நாட்டார் கதை குறும்பனைச் சொல்லால் காப்பாற்றியது. ஸ்ட்ராவுஸிடம் சொல் இல்லை. வாக்களித்த சபையையும் கடைசி ஆசையையும் கிளரினெற்றால் சொல்ல முடியாது. ஆகவே அவர் அவனைச் சாகவிட்டார். சாகவிட்ட பிறகு என்ன செய்தார் என்பதில்தான் விடை இருக்கிறது. ஒரு கணம் மௌனம். பிறகு அந்த முதல் மெட்டு, 'முன்னொரு காலத்திலே', முன்னைவிடக் கனிவாகத் திரும்பி வருகிறது. கதை முடிந்தது, தூங்குங்கள் என்று பாட்டி சொல்வது போல. நாமும் ஆறுதல் அடைகிறோம். அந்த நொடியில் வாத்தியக்குழு முழுவதும் வெடித்துச் சிரிக்கிறது. டில்லின் அதே சிரிப்பு! அத்தோடு படைப்பு முடிந்துவிடுகிறது.

நாவலில் இறந்தவன் இறந்தவன்தான். இசையிலோ ஒரு மெட்டு திரும்பி வந்தால் அது வெறும் நினைவாக இருப்பதில்லை, நம் முன்னே மீண்டும் நிகழ்கிறது. டில்லின் உடல் அந்த மெட்டுத்தான். அது ஒலித்தால் அவன் இருக்கிறான். பல்லவி திரும்பும் வடிவத்தை ஸ்ட்ராவுஸ் தெரிந்தெடுத்ததன் அர்த்தம் இங்கே விளங்குகிறது. பழைய நூல் குறும்பனைத் தூக்கு மரத்துக்கு முன்னால் காப்பாற்றியது. ஸ்ட்ராவுஸ் தூக்கு மரத்துக்குப் பின்னால் காப்பாற்றினார். ஆளைத் தூக்கிலிடலாம், அவன் சிரித்த சிரிப்பைத் தூக்கிலிட முடியாது என்பதை நம்பவைக்க வேண்டுமானால், முதலில் அவன் உண்மையாகவே சாகவேண்டும். அதற்காகவே அந்தத் தூக்கு. இதே உணர்வு வேறொரு வகையில் பெல்ஜிய எழுத்தாளர் ஷார்ல் டி கொஸ்டரிடமும் உண்டு. 1867இல் அவர் எழுதிய நாவலில் டில், ஸ்பானிய ஆட்சியை எதிர்க்கும் ஃப்ளெமிய மக்களின் வீரன். இறுதியில் இறந்தான் என்று புதைக்கப்படும்போது மண்ணை உதறி எழுந்து நடக்கிறான்.

கட்டுரையை இங்கே முடித்திருந்தால் இனிமையாக இருக்கும். ஆனால் ஸ்ட்ராவுஸ் பிற்காலத்தில் தாமே ஒரு நீதிமன்றத்தின் முன் நிற்க நேர்ந்தது. 1933இல் ஹிட்லரின் ஆட்சி அமைத்த அரச இசை மன்றத்துக்கு அவர் தலைவரானார். அப்போது அவருக்கு வயது 69. அதே வேளையில் யூத எழுத்தாளரான ஸ்டெஃபான் ஸ்வைக்குடன் சேர்ந்து 'மௌனமான மனைவி' என்ற இசைநாடகத்தை உருவாக்கிக் கொண்டிருந்தார். 1935 ஜூன் மாதம் ட்ரெஸ்டன் நகரத்தில் அது அரங்கேறியபோது, விளம்பரத்தில் ஸ்வைக்கின் பெயர் இடம்பெற வேண்டும் என்று வற்புறுத்தினார். அந்த நாட்களில் ஸ்வைக்குக்கு எழுதிய கடிதமொன்றில், தாம் தலைவர் வேடம் போடுவது கெடுதல்களைக் குறைப்பதற்காகவே என்ற பொருள்பட எழுதியிருந்தார். பாதிரி வேடத்துள்ளிருந்து எட்டிப் பார்த்த டில்லைப் போல! கடிதத்தை இரகசியப் பொலிசார் கைப்பற்றினர். அவர் பதவி விலக நேர்ந்தது. இசைநாடகமும் ஒருசில காட்சிகளுடன் தடைசெய்யப்பட்டது.

அப்போது அவர் சீட்டியடிக்கவில்லை. ஜூலை 13ஆம் திகதி ஹிட்லருக்கே பணிவான விளக்கக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. அவருடைய மருமகள் யூதப் பெண். பேரப்பிள்ளைகளும் ஆபத்தில் இருந்தனர். கிழவர் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. இருந்தாலும் பதவியை ஏற்றபோது அந்த நிர்ப்பந்தம் மாத்திரம் இருந்தது என்று சொல்ல முடியாது. தம் கலைக்கும் இசைக்கலைஞர் சமூகத்துக்கும் இலாபம் உண்டு என்றும் எண்ணினார். நாட்டைவிட்டுப் போன ஸ்வைக் 1942இல் பிரேசில் நாட்டில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஸ்ட்ராவுஸ் போருக்குப் பின் விசாரிக்கப்பட்டு, 1948இல் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டு, 1949இல் இறந்தார்.

படைப்பு படைத்தவனைவிடத் துணிச்சலாக இருக்கலாமா என்று சிலர் கேட்கலாம். இருக்கலாம் என்றே நினைக்கிறேன். டில்லின் விசாரணைக் காட்சியை எழுதிய முப்பது வயது இளைஞர், அந்தச் சீட்டி எப்படிப் பயமாக மாறும் என்பதையும் எழுதிவைத்துவிட்டார். நாற்பது வருடங்களின் பின் தமக்கு நேரப்போவதை அறியாமலே எழுதினார். பயத்தை மறைக்காததால்தான் கடைசிச் சிரிப்பு பொய்யாகத் தோன்றவில்லை.

ஆனால் அந்தக் கொலோன் சத்திரக்காரனின் கணக்கையும் மறக்கக்கூடாது. டில் சாப்பிடவில்லை, வாசனையை மாத்திரமே அனுபவித்தான். அதனால்தான் ஓசையைக் கொடுத்துக் கடன் தீர்க்க முடிந்தது. ஸ்ட்ராவுஸ் 1933இல் அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர். எத்தனை இனிய ஓசையானாலும், அந்தக் கணக்கு ஓசையால் மாத்திரம் தீர்ந்துவிடாது. இதைத் தெரிந்துகொண்டே அந்த இசையைக் கேட்கிறேன். கடைசியில் அந்தச் சிரிப்பு வெடிக்கும்போது ஒவ்வொரு முறையும் நானும் சிரித்துவிடுகிறேன்.